பயணத்துக்கு எந்த லென்ஸ்?

(பயணப் படங்களைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், எனக்கு ஒரு வகைத் தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கிவிடும். "தங்கச்சி, குடும்பத்தோடு சபாவுக்குப் போறோம். கேமரா வாங்கியாச்சு. லென்ஸ் மட்டும் எது வாங்குறதுன்னு சொல்லு." தொலைக்காட்சியில் முகம் காட்டுகிற பெண்ணுக்குக் கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. உண்மையில், கேமராவுக்கு முன்னால் நிற்பவர் செய்ய வேண்டியது முகத்துக்குப் பவுடர் பூசிக்கொள்வது. பின்னால் நிற்பவர் செய்ய வேண்டியது பாரம் சுமப்பது. இரண்டும் வேறு வேறு தொழில்.

ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது நிழற்படக் கலை எங்களுக்கு ஒரு பாடம். பிறகு பயண நிகழ்ச்சிகளுக்காக ஊர் ஊராகப் போனபோது ஒளிப்பதிவாளர் அண்ணன்மார்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது அதைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான லென்ஸை எடுத்துக்கொண்டு போய், திரும்பக் கிடைக்காத ஒன்றை நான் இழந்திருக்கிறேன். அதை இறுதியில் சொல்கிறேன்.

எண் சொல்லும் சேதி

லென்ஸின் மேல் 24, 50, 200 என்று மில்லிமீட்டரில் எண்கள் இருக்கும். இதைக் குவியத் தூரம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எண் சிறுத்தால் பார்வை விரியும். எண் பெருத்தால் பார்வை குறுகும், தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். அவ்வளவுதான்.

வாசலில் வந்து நின்று தெருவைப் பாருங்கள். எதிர் வீடு, பக்கத்து வீடு, மேலே வானம் எல்லாம் தெரிகிறதல்லவா? அது 24. உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். எதிர் வீடு மட்டும் தெரிகிறது. அது 50. கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். எதிர் வீட்டுக்காரர் வாசலில் மாட்டியிருக்கும் தோரணம் மட்டும் தெரிகிறது. அது 200. கணக்கில் சொன்னால், மூலைக்கு மூலை 24 லென்ஸ் 84 பாகை பார்க்கும், 50 லென்ஸ் ஏறக்குறைய 47 பாகை பார்க்கும், 200 லென்ஸ் 12 பாகைதான் பார்க்கும்.

இந்தக் கணக்கு ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய உணரி உள்ள கேமராக்களுக்கு உரியது. நம்மில் பலர் முதலில் வாங்குவது ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய உணரி உள்ள கேமரா. அதில் எந்த எண்ணையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனன் என்றால் 1.6-ஆல். கேமராவோடு சேர்த்துத் தருகிற 18-55 லென்ஸ், ஒன்றரைக் கணக்கில் 27 முதல் 82 வரை வேலை செய்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் இரண்டால் பெருக்க வேண்டும். "அவர் 24 வைத்திருக்கிறார், எனக்கும் 24 வேண்டும்" என்று கடைக்குப் போகும் முன் அவருடைய கேமராவும் நம்முடையதும் ஒரே சாதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. லென்ஸின் முன்பக்கம் ஒரு வட்டக் குறியோடு 67, 77 என்று வேறோர் எண் இருக்கும். அதுவும் மில்லிமீட்டர்தான். ஆனால் அது முன்னால் மாட்டும் ஃபில்டரின் அளவு. மூக்குக் கண்ணாடியின் பவரும் ஃபிரேமின் அளவும் வேறு வேறு அல்லவா, அதுபோல.

மலை எறும்புப் புற்றான கதை

"இயற்கைக் காட்சி எடுக்க வேண்டுமானால் அகன்ற கோண லென்ஸ் வாங்கு" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் கினபாலுவின் அடிவாரத்தில் கற்றுக்கொண்டேன்.

2012-இல், துணை அறிவிப்பாளராக முதன்முறை குண்டசாங்கிற்குப் போயிருந்தேன். விடியற்காலையில் மேகம் விலகி மலை தெரிந்தது. 4,095 மீட்டர் உயரம். கோபுரம் கோபுரமாக நிற்கும் கருங்கல் சிகரங்கள். கண்ணை நிறைத்து, நெஞ்சையும் நிறைத்துவிட்டது. என்னிடமிருந்த 18-55 லென்ஸை 18-இல் வைத்துப் படபடவென்று முப்பது படம் எடுத்தேன். தங்கும் விடுதியில் கணினியில் போட்டுப் பார்த்தால், மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி சாலை, நடுவில் எறும்புப் புற்று மாதிரி ஏதோ ஒன்று. அதுதான் கினபாலு!

எங்கள் ஒளிப்பதிவாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, நீ மலையைப் பார்த்தப்ப வேற எதையும் பார்க்கல. உன் லென்ஸ் எல்லாத்தையும் பார்த்திடுச்சு" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயத்தின் மையம். மனம் தனக்குப் பிடித்ததைப் பெரிதாக்கிக்கொள்ளும். லென்ஸுக்கு மனம் கிடையாது. அகன்ற கோண லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிக் காட்டும். மறுநாள் காலை அவருடைய லென்ஸில் 100 அளவில் வைத்து எடுத்தபோதுதான் நான் பார்த்த மலை படத்திலும் வந்தது. அதுவும் ஒன்பது மணிக்குள் மேகம் மூடிவிட்டது. முதல் நாளோடு ஊர் திரும்பியிருந்தால் எறும்புப் புற்றுதான் மிச்சம்.

அப்படியானால் அகன்ற லென்ஸ் எதற்கு? காலடியில் நல்ல பொருள் ஒன்று இருக்கும்போது அதற்கு ஈடே இல்லை. குண்டசாங்கிலேயே முட்டைக்கோஸ் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு பாத்தியின் தலைப்பில் குனிந்து, 18-இல் எடுங்கள். பனி சொட்டும் இலை முன்னால் பெரிதாக நிற்கும், பாத்தி கண்ணை இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் மலை சிறிதாக நின்றாலும் பொருத்தமாக நிற்கும். முன்னால் ஒன்றும் இல்லாமல் அகன்ற லென்ஸைத் தூக்கினால், படம் அகலமாக இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

தேயிலை மலையும் சேலை மடிப்பும்

கேமரன் மலைக்குப் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. அங்கே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, கைப்பேசியில் அகன்ற கோணத்தில் ஒரு படம். பச்சையாக இருக்கும், ஆனால் சப்பென்று இருக்கும்.

எதிர்ச் சரிவில் தள்ளி நின்று, 100 முதல் 200 வரையுள்ள லென்ஸில் பாருங்கள். வரிசை வரிசையான செடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கொசுவி வைத்த சேலை மடிப்பு மாதிரி அடுக்கி நிற்கும். இதை லென்ஸ் செய்யும் மாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தூரம் செய்யும் வேலை. பத்து மீட்டர் தள்ளி ஒரு மரம், இருபது மீட்டர் தள்ளி அதே உயர மரம் ஒன்று என்றால், இரண்டாவது பாதி உயரம்தான் தெரியும. நீங்கள் பின்னால் நகர்ந்து, முதல் மரம் நூறு மீட்டரிலும் இரண்டாவது நூற்றுப் பத்திலும் இருக்கும்படி நின்றால், இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். தொலைநோக்கு லென்ஸ் செய்வது, அந்தத் தூரக் காட்சியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தருவது மட்டுமே.

கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஐந்து பேருக்கு ஒரு கேமரா, அதில் ஒரே ஒரு 50 லென்ஸ் என்று கொடுத்து, "கிட்ட வேணும்னா நடந்து போ" என்பார். நல்ல பாடம். ஆனால் நடந்தால் பொருளின் அளவு மட்டுமல்ல, முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவே மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த இடத்திலிருந்து எவ்வளவு வேண்டும் என்பதை லென்ஸ் முடிவு செய்யட்டும்.

தேயிலையைப் பற்றிப் பேசும்போது போலரைசர் ஃபில்டரையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து ஓய்ந்ததும் இலைகளின் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு இருக்கும். இந்த ஃபில்டரை மாட்டி மெல்லத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கி, இலையின் நிஜப் பச்சை வரும். இன்னொரு லென்ஸுக்குக் காசு சேர்ப்பவர்கள் அதற்கு முன் இதை வாங்கிப் பார்க்கலாம். மிக அகன்ற லென்ஸில் மட்டும் நீல வானம் ஒருபுறம் கருத்தும் ஒருபுறம் வெளுத்தும் போகும், கவனம் தேவை.

பத்துமலையில் மூன்று பாடங்கள்

வெளியூர் போகத்தான் வேண்டும் என்பதில்லை. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்துமலைக்குப் போனால் லென்ஸ் பாடம் முழுவதையும் முடித்துவிடலாம்.

முதல் பாடம் முருகன் சிலை. 2006-இல் திறக்கப்பட்டது, 42.7 மீட்டர் உயரம். எல்லோரும் சிலையின் காலடிக்குப் போய், அகன்ற லென்ஸை மேல்நோக்கித் தூக்குகிறார்கள். பாதம் பெரிதாக, தலை சிறிதாக, முருகனே பின்பக்கம் சாய்கிற மாதிரி வரும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் நேர்க்கோடுகள் மேலே போய்க் கூடிக்கொள்ளும் என்பதே காரணம். முன் வளாகத்தின் மறுகோடி வரை பின்னால் வாருங்கள். கேமராவை முடிந்தவரை நேராகப் பிடித்து, 35 அல்லது 50-இல் எடுங்கள். சிலை நிமிர்ந்து நிற்கும். பின்னால் இருக்கும் சுண்ணாம்புக்கல் மலையும் அதற்குரிய உயரத்தோடு தெரியும்.

இரண்டாவது பாடம் 272 படி ஏறிய பிறகு, குகைக்குள். வெளிச்சம் குறைவு. இங்கேதான் லென்ஸில் இருக்கும் இன்னோர் எண் பேசுகிறது. எஃப் 1.8, எஃப் 5.6 என்று எழுதியிருப்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் வாய் பெரிது. எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கைநடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் குகையின் சுவரை எடுக்கலாம். ஆனால் நம் கை நடுங்காவிட்டாலும் எதிரே நடந்து போகிறவர் நிற்க மாட்டாரே! அசைகிற மனிதருக்கு வெளிச்சம்தான் மருந்து.

இதில் ஒரு சிக்கனக் குறிப்பும் இருக்கிறது. பகலில் மலை, கடல், வயல் எடுக்கும்போது எஃப் 8, எஃப் 11 என்று வாயைச் சுருக்கித்தான் எடுக்கிறோம். முன்னும் பின்னும் தெளிவாக வர அதுவே ஏற்றது. எஃப் 22 வரை போனால் ஒளி சிதறி, கூர்மை குறையத் தொடங்கும். வெறும் இயற்கைக் காட்சிக்காக எஃப் 2.8 தொலைநோக்கு ஜூமை வாங்கி, ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட பாரத்தை மலை மேல் சுமப்பதில் பொருளில்லை. எஃப் 4 லென்ஸ் போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல முக்காலி வாங்கலாம். இரவு நட்சத்திரங்களை எடுப்பவர்களுக்கு மட்டும் பெரிய வாய் தேவை.

மூன்றாவது பாடம் தைப்பூசம். காவடி எடுப்பவர்களைத் தூரத்தில் ஒளிந்து நின்று பெரிய லென்ஸால் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 35 அல்லது 50 லென்ஸோடு, கூட வருபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்று எடுங்கள். உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசன் பெரும்பாலும் ஒரு 50 லென்ஸோடுதான் ஊர் ஊராகச் சுற்றினார். பக்கத்தில் போகும் துணிவு இருந்தால் சிறிய லென்ஸ் போதும்.

நம் ஊர் ஈரக்காற்று

ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகளில் அதிகம் பேசப்படாத எதிரி ஒன்று நமக்கு இருக்கிறது. ஈரம்.

லங்காவியில் ஒரு விடியற்காலைப் படப்பிடிப்பு. இரவு முழுவதும் அறையில் குளிர்சாதனம் ஓடியது. கேமராவைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்ததும் கடற்கரைக்கு ஓடினால், லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் படிகிறது. கண்ணாடி சூடாகித் தெளிவதற்குள் சூரியன் தென்னை மரத்துக்கு மேல் வந்துவிட்டது. தீர்வு மிகச் சுலபம். கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே குளிர்சாதனம் இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பைக்குள்ளேயே அது மெல்லச் சூடேறட்டும். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், ஆவி உள்ளே போய்ப் படியும்.

அதைவிடக் கொடியது பூஞ்சை. தோல் பையில் போட்டு அலமாரியில் ஆறு மாதம் வைத்துவிட்டு எடுத்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கும். சுத்தம் செய்தாலும் சில நேரங்களில் மேல்பூச்சை அரித்த தடம் போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு வசதி இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில, சிறிய ஈரப்பத மானி ஒன்று போதும். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். எல்லாவற்றையும்விடச் சிறந்த மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் அடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடியில்லா கேமரா எனப்படும் மிரர்லெஸ் வந்த பிறகு, பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் நல்ல விலையில் கிடைக்கின்றன. உங்கள் கேமராவில் நேராகப் பொருந்துமா, அடாப்டர் வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையில் எதை வைப்பது?

மலிவுக் கட்டண விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான். கேமராவை அடிப்பெட்டியில் போட மனம் வராது. ஆகவே பாரம் என்பது நம் முதுகின் பிரச்சினை மட்டுமல்ல. என் பட்டியல் இதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்: கேமராவோடு வந்த 18-55 லென்ஸை இளக்காரமாக நினைக்காதீர்கள். எஃப் 8-இல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் அது தரும் படத்தைக் குறைசொல்ல முடியாது. அதோடு ஒரு 50 எஃப் 1.8. சில நூறு ரிங்கிட், உள்ளங்கையில் அடங்கும். ஒன்று இடத்துக்கு, மற்றொன்று ஆளுக்கு.

லென்ஸ் மாற்றச் சோம்பல் படுகிறவர், குழந்தைகளோடு போகிறவர்: ஒரே ஜூம். ஏபிஎஸ்-சி என்றால் 18-135, ஃபுல் ஃபிரேம் என்றால் 24-105. மாற்றும் நேரத்தில் பிள்ளை ஓடிவிடும், மணலும் உள்ளே போகும். 18-200 போன்ற நீண்ட ஜூம்களில் இரு முனைகளிலும் கூர்மை கொஞ்சம் குறையும், கடைசியில் வெளிச்சமும் குறையும். ஆனாலும் எடுத்த படம் எடுக்காத படத்தைவிட மேல்.

மலைக்காகவே போகிறவர்: அகன்ற லென்ஸ் ஒன்று, 70-200 எஃப் 4 அல்லது 70-300 ஒன்று, போலரைசர், முக்காலி. இடையில் இருக்கும் இடைவெளியை நடந்து நிரப்பிக்கொள்ளலாம்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்: நீங்களும் மூன்று லென்ஸ் வைத்திருக்கலாம்! பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல கைப்பேசிகளில் அகன்றது, சாதாரணமானது, தொலைவுக்கானது என்று இருக்கின்றன. பார்வைக் கோணத்தையும் தூரத்தையும் பற்றி நான் இதுவரை சொன்னது அவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். செலவே இல்லாதது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஐம்பதைப் பொறுக்குங்கள். ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியிலும் அது எந்த மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். எழுதிப் பாருங்கள். ஐம்பதில் முப்பது 35-ஐச் சுற்றி இருந்தால், கடைக்காரர் 10-20 லென்ஸை எவ்வளவு புகழ்ந்தாலும் அது உங்களுக்கு இல்லை. அந்தப் பட்டியலில் மலை அதிகமா, மனிதர் அதிகமா என்றும் பாருங்கள்.

இந்தச் சோதனையை 2014-இல் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நூற்று நாற்பது படங்கள்

அந்த ஆண்டுதான் நான் 10-20 லென்ஸ் வாங்கினேன். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு, மாதத் தவணை. அது வந்ததும் பழைய 18-55-ம் 50-ம் எனக்குச் சிறுபிள்ளை விளையாட்டுச் சாமான்களாகத் தெரிந்தன.

அப்பா கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினான்கு வயதிலேயே பால்வெட்டப் போனவர். பால்மரமெல்லாம் போய் செம்பனை வந்து பல காலமாகிவிட்டது. மிச்சமிருந்த லயன் வீடுகளையும் உடைக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. "ஒரு தடவை பார்த்துட்டு வந்திடலாம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கார் ஓட்ட, நாங்கள் மூவரும் போனோம். நான் அந்த ஒரு லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டும் வீட்டில் டப்பாவுக்குள் இருந்தன.

அப்பா முன்னால் நடந்து போனார். இங்கேதான் பெரட்டு, இங்கே குழாயடி, இது பாட்டி வைத்த முருங்கை, இது திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற இடம் என்று காட்டிக்கொண்டே போனார். அன்றைக்கு வானம் அவ்வளவு அழகு. வெள்ளை மேகம், கீழே வரிசையாகத் துருப்பிடித்த தகரக் கூரைகள். நான் நூற்று நாற்பது படங்கள் எடுத்தேன். தாங்கள் இருந்த வீட்டு வாசலில் அப்பா நின்று, கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். நான் இருபதடி தள்ளி நின்று, கூரைக்கு மேல் மேகம் நன்றாக வருகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

2016-இல் அப்பா தவறிவிட்டார். பத்திரிகையில் போட, வீட்டில் மாலையிட்டு வைக்க, ஒரு படம் தேடினோம். "நீதான் அவ்வளவு எடுத்தியே, தோட்டத்துக்குப் போனப்ப" என்றார் அம்மா. கணினியைத் திறந்தேன். நூற்று நாற்பதிலும் வானம் இருக்கிறது, கூரை இருக்கிறது, மண் சாலை இருக்கிறது. அப்பா முகம் அரிசி அளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது. இரண்டு மூன்று படங்களில் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் படத்தின் ஓரத்தில் இருப்பதால் முகம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, அவரைப் போலவே இல்லை. மிக அகன்ற லென்ஸில் ஓரத்தில் நிற்பவருக்கு நேருகிற கதி அது.

கடைசியில் பத்திரிகைக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் கொடுத்தோம். வீட்டில் இருப்பது, அன்றைக்குத் திரும்பும் வழியில் அண்ணன் தன் கைப்பேசியில் எடுத்த ஒன்று. கார் பக்கத்தில் நின்று நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாய் நிறையச் சோறு, கண்ணில் சிரிப்பு. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அது அப்பா.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இருபதடியில், அதே இடத்தில், டப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த 50 லென்ஸ் என் கையில் இருந்திருந்தால், தலை முதல் கால் வரை அப்பா படம் நிறைய நின்றிருப்பார். கதவு நிலையில் வைத்த கையும் தெரிந்திருக்கும். லென்ஸின் மேல் பழி போட மாட்டேன். அந்த 10-20 லென்ஸிலேயே நான் பதினைந்தடி முன்னால் போய், அவரைப் படத்தின் நடுவில் நிறுத்தியிருக்கலாம். என் கண் மேகத்தில் இருந்தது, அதுதான் பிழை.

அந்தத் தோட்டத்தில் லயன் வீடுகள் இப்போது இல்லை. என் நூற்று நாற்பது படங்களையும் நான் அழிக்கவில்லை. அவை நல்ல படங்கள்தான். அங்கே பிறந்து வளர்ந்த சிலர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்கள் வீட்டுக் கூரை எது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். ஆகவே அகன்ற லென்ஸும் வீண் போகவில்லை. அது இடத்தைக் காப்பாற்றியது. ஆளைக் காப்பாற்ற வேறொன்று வேண்டியிருந்தது.

எனவே, எந்த லென்ஸ் வாங்குவது என்று என்னை அழைத்துக் கேட்கும்போது, நான் இப்போதெல்லாம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். "அங்கே போய்விட்டு வந்து பத்து வருஷம் கழித்து, எந்தப் படம் இல்லையே என்று வருத்தப்படுவீர்கள்?" மலை என்றால் தொலைநோக்கு ஜூம். பரந்த கடலும் வானமும் என்றால் அகன்ற லென்ஸ். கூட வரும் அம்மாவும் பிள்ளைகளும் என்றால் அந்தச் சின்ன 50 லென்ஸ். பலருக்குச் சற்று நேரம் பதில் வருவதில்லை. பதில் வந்த பிறகு, கடைக்குப் போவது சுலபம்.

இந்த விடுமுறையில் பயணம் போகும் அனைவருக்கும் நல்ல வானமும் நல்ல வெளிச்சமும் அமையட்டும். மேகம் அழகாக இருந்தால் எடுங்கள். எடுத்து முடித்ததும் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, உங்களோடு வந்தவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.